நழுவு தடுக்கிதழும் நான்கு திருகுகளும்

மனித நாகரிகம் இதுவரை மூன்று மாபெரும் சாதனைகளைக் கண்டிருக்கிறது: நெருப்பு, சக்கரம், எங்கள் 'மாதிரி நீராவி எஞ்சின்' சங்கத்தின் தொடக்கநிலைப் பயிற்சித் திட்டம். முதல் இரண்டுக்கும் செயலாளர் இல்லாததால் சரியான குறிப்புகள் கிடைக்கவில்லை. மூன்றாவதற்கு நான் இருக்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேசைமேல் வைக்கும் சின்ன எஞ்சினிலும் சிலிண்டர் உண்டு, அதற்குள் முன்னும் பின்னும் போய்வரும் பிஸ்டன் உண்டு. சிலிண்டரை ஒட்டி நான்கு திருகு போட்டு மூடிய ஒரு பெட்டி. அதற்குள் ஒரு பித்தளைத் துண்டு இரண்டு துளைகளின்மேல் வழுக்கியபடி, நீராவியைப் பிஸ்டனுக்கு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை அனுப்பும். அதுதான் ஸ்லைடு வால்வு. பிஸ்டன் ஓரத்துக்கு வரும் நேரமும் துளை திறக்கும் நேரமும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் பெருமூச்சு விடும், நகராது. இந்த நேரத்தைச் சரிசெய்யும் வித்தையை நாங்கள் பதினான்கே மாதங்களில் கற்றுத்தருகிறோம்.

முதல் ஏழு வாரம் பெயர்சூட்டலுக்கு. 'ஸ்லைடு வால்வு' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று துணைக்குழு கூடி, 'நழுவு தடுக்கிதழ்' என்று முடிவு செய்தது. நழுவுவது எங்கள் உறுப்பினர்களுக்கு இயல்பாக வருவதால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அடுத்த ஏழு மாதம் கரும்பலகையில் அம்புக்குறி போடுவதற்கு. மீதி, அம்புக்குறிகளைத் திருத்துவதற்கு. பாடநூலை எழுதியவன் நான். இரண்டு பதிப்பு கண்டுவிட்டது. அதன் உயிர்நாடி நான்காம் விதி: 'தொடக்கநிலையாளர் எவரும் பெட்டியின் மூடியைத் திறக்கலாகாது.'

எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற பதிவாளர். பட்டப்பெயர் 'பிரஷர்'. கொதிகலனில் இருக்க வேண்டியது அவரிடம் இருந்தது.

இப்படிப் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்க திட்டத்துக்குள் ஒரு தையல் மெஷின் மெக்கானிக் அம்மா வந்து சேர்ந்தார். கடையை மூடிவிட்டு மாலையில் வருவார். ஒன்றரை வருடம் அரத்தால் ராவி ராவி, ஒவ்வொரு உறுப்பையும் தானே செய்து ஓர் எஞ்சினை முடித்திருந்தார். எல்லாம் இருந்தது, ஓட்டம்தான் இல்லை. ஒன்பதாம் விதிப்படி ஆண்டுக் கண்காட்சியில் எஞ்சின் ஓடாவிட்டால் பட்டறைச் சாவியைத் திருப்பித் தர வேண்டும். ஊரில் அவருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே லேத் அந்தப் பட்டறையில்தான். இரண்டாவது எஞ்சினுக்கான சிலிண்டர் அதில் பாதி கடைந்தபடி நின்றது. கண்காட்சிக்குப் பத்து நாள்தான் பாக்கி.

வகுப்பில் எழுந்து நின்றார்.

"சார், மூடியைத் தொறந்து பாத்தா நேரம் எங்க தப்புதுன்னு தெரிஞ்சிடுமே?"

"தெரிஞ்சிடும்மா. அதான் பிரச்சினையே" என்றார் தலைவர். "நீங்க இன்னும் அம்புக்குறியே தாண்டலை."

"தையல் மெஷின்ல ஊசி கீழ போயி மேல கிளம்புற நேரத்துக்குக் கொக்கி வந்து நூலைப் பிடிக்கணும் சார். நேரம் தப்பினா தையல் விழாது. தினமும் நாலு மெஷினுக்கு அதைத்தான் சரி பண்றேன். இதுவும் அதே கதைதானே?"

"துணியும் நீராவியும் ஒண்ணாம்மா?"

அவையில் கைதட்டல். குறிப்பேட்டில் 'தலைவர் ஐயத்தைத் தெளிவுபடுத்தினார்' என்று எழுதினேன்.

அந்த அம்மா சும்மா இருக்கவில்லை. எஞ்சினைக் கடைக்கு எடுத்துப்போய் நான்கு திருகையும் கழற்றிவிட்டார். சக்கரத்தைக் கையால் சுற்றினார். ஒரு துளை வாய் பிளந்து திறந்தது, மற்றது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. வால்வுத் தண்டின் நட்டைத் திருகி இரண்டும் ஒரே அளவு திறக்கும்படி செய்தார். பிறகு பிஸ்டனை ஓரத்துக்குக் கொண்டுவந்து, வால்வை ஆட்டும் வட்டை அச்சில் மெல்லத் திருப்பி, துளை ஒரு முடியளவு திறந்த இடத்தில் திருகை இறுக்கினார். மறுபக்கமும் சரிபார்த்தார். மொத்தம் பதினோரு நிமிடம். பதினான்கு மாதத்தை இப்படி அவமதித்தவர் வரலாற்றில் வேறு யாரும் இல்லை.

கண்காட்சிக்கு வந்த அந்த அம்மா எங்கள் மேசைகளைப் பார்த்ததும் என்னிடம் கேட்டார்.

"நீராவி எஞ்சினுக்கு ப்ளக் பாயின்ட் எதுக்கு சார்? மேசைவிரிப்பு ஏன் தரை வரைக்கும் தொங்குது?"

"மரபும்மா" என்றேன்.

பன்னிரண்டு எஞ்சின்கள் ஓடின. பதினோரு எஞ்சின்கள் பூனைபோல அடக்கமாகச் சுழன்றன. அவருடையது மட்டும் ஸ்பிரிட் விளக்கின்மேல் 'சக் சக்' என்று கத்தி, சுடு எண்ணெயைத் துப்பி, தலைவரின் வெள்ளைச் சட்டையில் மூன்று புள்ளி வைத்தது.

"என்னம்மா இது, நாகரிகமே இல்லாம ஓடுது!" என்று தலைவர் சொல்லி வாய் மூடவில்லை, மின்சாரம் போய்விட்டது.

விளக்குகள் அணைந்தன. மின்விசிறிகள் நின்றன. அவற்றோடு எங்கள் பதினோரு நீராவி எஞ்சின்களும் நின்றன. மேசைக்கு அடியில் மின்கெட்டில்கள் அடங்கியதால் புகைபோக்கிகளின் ஆவியும் நின்றது. பார்க்க வந்தவர்கள் மேசைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார்கள். என் மேசைக்கடியில் இருந்தது எங்கள் வீட்டு டேபிள் ஃபேனின் மோட்டார். என் மனைவி அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

சக் சக், சக் சக். அந்தச் சத்தம் மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாளே விசாரணைக் குழு கூடியது. 'மின்தடையின்போது சங்கத்தின் அனைத்து எஞ்சின்களும் கட்டுப்பாட்டுடன் நின்றிருக்க, ஓர் எஞ்சின் மட்டும் ஒத்துழைக்க மறுத்து ஓடியது' என்ற குற்றச்சாட்டு நிரூபணமானது. நான்காம் விதி மீறலும் அதில் சேர்ந்தது. சாவி பறிமுதல். எதிர்காலப் பாதுகாப்புக்காக எல்லா நீராவி எஞ்சின்களுக்கும் பேட்டரி வாங்கவும் தீர்மானம். இரண்டையும் தட்டச்சு செய்தவன் நான். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

அந்த அம்மா சாவியை மேசைமேல் வைத்தார். "ஓடலைன்னாதானே சார் சாவியை வாங்குவீங்க? ஓடுச்சே!"

தலைவர் அடுத்த தீர்மானத்துக்குப் போனார். நேர்மையாகச் சொன்னால், எனக்கு வெட்கமாக இருந்தது. அதைக் குறிப்பேட்டில் ஏற்ற விதியில் இடமில்லை.

ஒரு வாரம் தாங்கினேன். என் எஞ்சினும் ஒரே ஒரு தடவை தானாக ஓடாதா என்ற ஆசை விடவில்லை. துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். தையல் மெஷின்களுக்கு நடுவே இடம் ஒதுக்கி, நான்கு திருகையும் கழற்றி, பித்தளைத் துண்டைத் தூக்கினார். துளைகள் இரண்டிலும் பஞ்சு அடைத்திருந்தது. ஓரத்தில் மடித்த சிறு காகிதம். விரித்து உரக்கப் படித்தார்.

"'தூசி போகாமல் இருக்க அடைத்தது. ஓட்டுமுன் எடுத்துவிடவும்.' ஃபேக்டரில வெச்சது சார். எஞ்சின் வாங்கி எத்தனை வருஷமாச்சு?"

"பத்தொன்பது."

"வகுப்பு எடுக்க ஆரம்பிச்சு?"

"அதுவும் பத்தொன்பதுதான்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. ஊசிமுனையால் பஞ்சை எடுத்து, பதினோரே நிமிடத்தில் நேரத்தைச் சரிசெய்து, விளக்கேற்றினார். என் எஞ்சின் சக் சக் என்று ஓடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"சாவி இப்ப யார்கிட்ட சார் இருக்கு?"

என் சட்டைப்பையில்தான் இருந்தது. "விதி இடம் கொடுக்காதும்மா" என்றேன். பிறகு, அச்சில் இருக்கும் மூன்றாம் பதிப்பு ஞாபகத்துக்கு வந்தது. "இன்னொரு உதவி. அந்தப் பஞ்சைத் திரும்ப வெச்சு மூடிடுங்களேன். இது ஓடுறது தெரிஞ்சா சங்கத்துல கேள்வி வரும்."

விளக்கை ஊதி அணைத்தார். பஞ்சையும் காகிதத்தையும் நான்கு திருகுகளையும் என் உள்ளங்கையில் வைத்தார்.

"நீங்களே அடைச்சுக்கோங்க சார். பத்தொன்பது வருஷமா அந்த வேலையைத்தானே செய்றீங்க."