பஞ்சு சுட்ட ரொட்டி

மெத்தைக் கடைப் பஞ்சு அந்தச் சபதத்தை எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு. தட்டிலிருந்த ரொட்டியை ஒரு கையால் பிய்க்கப் பார்த்தார். பிய்யவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அதுவும் இழுத்தது.

பஞ்சு என்பது அவருக்கு வீட்டில் வைத்த பெயர் அல்ல. இருபது வருடமாக மெத்தை தைத்து விற்கிற மனிதரை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்? எந்த மெத்தையானாலும் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார். விரலை எடுத்துவிட்டு எண்ணுவார். மூன்று எண்ணுவதற்குள் பள்ளம் எழும்பிவிட்டால் அது மெத்தை. இல்லாவிட்டால் அது பாய். தொழில் பழக்கம் கடையோடு நிற்கவில்லை. தக்காளி, தலையணை, பஸ் சீட்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் அழுத்திப் பார்ப்பார். முதல்முதலாக மாமனார் வீட்டுக்குப் போன அன்று பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சோபாவை அழுத்திப் பார்த்தார். மாமனார் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

அந்த விரலை இப்போது ரொட்டியின் மேல் வைத்து அழுத்தினார். பள்ளமே விழவில்லை. அப்புறம் எழும்புவதாவது!

"என்னம்மா இது?"

"ரொட்டிங்க."

"ரொட்டியா? செருப்புத் தைக்கறவர் கடையிலேருந்து பார்சல் மாறி வந்துடுச்சோன்னு பார்த்தேன்."

"நாலு நாளா இப்படித்தாங்க வருது. மாவு சரியில்லையோ என்னவோ."

நாலு நாளாக என்பது சத்தியமான உண்மை. திங்கட்கிழமை வரைக்கும் அந்த வீட்டு ரொட்டி பூப்போல இருந்தது. திங்கட்கிழமை என்ன நடந்தது என்பதைப் பஞ்சு சுத்தமாக மறந்துவிட்டார். நாம் மறக்க வேண்டாம்.

அவர் மனைவி கண் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலை பார்க்கிறாள். அன்று வேலை முடிந்து வரும்போது கையில் ஒரு படிவம் இருந்தது. நகராட்சி நீச்சல் குளத்தில் பெண்களுக்கு வகுப்பு ஆரம்பிக்கிறார்கள். தினமும் மாலை ஏழிலிருந்து எட்டு.

"நாப்பது வயசாச்சுங்க. இடுப்பளவு தண்ணியில நிக்கக்கூட எனக்குப் பயம். ஒரு தடவையாவது மிதந்து பார்க்கணும்னு ஆசையா இருக்கு."

"மித. யார் வேணாங்கறா? ஆனா ஏழு மணிக்குன்னா எப்படி? ஏழு மணிக்குத்தானே நான் சாப்பிடுவேன்? ரொட்டி யார் சுடறது?"

"முன்னாடியே சுட்டு வெச்சிட்டுப் போறேனே."

"ஆறின ரொட்டியா?"

"அப்ப நீங்க சுட்டுக்குங்க."

"எனக்கு எங்கம்மா வரும்? அதெல்லாம் கைப்பழக்கம். உன் கையில இருக்கு அது!"

இந்தப் பாராட்டோடு பேச்சை முடித்துவிட்டு அவர் டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் படிவத்தை நாலாக மடித்து, மாவு டப்பாவுக்கு அடியில் வைத்தாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து ரொட்டி விறைக்க ஆரம்பித்தது.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருவோம். பஞ்சு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"ரொட்டி சுடறது என்ன பெரிய வித்தையா? மாவு, தண்ணி, நெருப்பு. பத்து நிமிஷ வேலை!"

"திங்கட்கிழமை கைப்பழக்கம்னு சொன்னீங்க."

"அது திங்கட்கிழமை."

"சரி, அப்ப சுட்டுக் காட்டுங்க."

"காட்டறேன். இந்த ஞாயித்துக்கிழமை இல்ல, அடுத்த ஞாயித்துக்கிழமை. உங்கப்பா வருவார்ல, அவரோட புதுப் பல்செட்டுதான் நீதிபதி. அவர் கடிச்சு, மென்னு, முழுங்கிக் காட்டணும்."

"தோத்துட்டீங்கன்னா?"

"தோத்தா நீ தாராளமா நீச்சலுக்குப் போ. நான் கடையில வாங்கிச் சாப்பிட்டுக்கறேன்."

"ஜெயிச்சிட்டீங்கன்னா?"

பஞ்சு யோசித்தார். பத்து வருடமாக அந்த வீட்டில் அவரை யாரும் எதற்கும் பாராட்டியதில்லை.

"ஜெயிச்சா, உன்னைவிட நான்தான் நல்லா சுடறேன்னு நாலு பேர் முன்னாடி நீ உன் வாயால சொல்லணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்."

"சரிங்க" என்றாள் அவள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பசிதான் வந்தது.

மறுநாளிலிருந்து பயிற்சி. மத்தியானம் கடை வாசலில் 'அவசர வேலை' என்று அட்டையைத் தொங்கவிட்டுவிட்டு, மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரமாகப் பார்த்து வீட்டுக்கு ஓடி வந்தார். முதல் நாள் தண்ணீர் அதிகமாகிவிட்டது. மாவு கையை விட்டு வர மாட்டேன் என்றது. அந்தக் கையோடு போன் எடுத்தார், போனும் காதை விட்டு வர மாட்டேன் என்றது. அடுத்த தடவை தண்ணீரைக் குறைத்தார். உருட்டுக் கட்டை மாவின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது, மாவு இருந்த இடத்திலேயே இருந்தது. பஞ்சை அடிப்பது போல அடித்துப் பார்த்தார். மெத்தைக் கோணூசியால் குத்திக்கூடப் பார்த்தார். கல்லில் போட்டால் புகைந்தது, எடுத்தால் மணி அடிப்பது போலச் சத்தம் கேட்டது.

சுட்டதை வீட்டில் வைத்தால் மானம் போய்விடும். மெத்தைத் துணி மாதிரிகள் வைக்கும் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டு போனார். அங்கே துணி வெட்டும் மேசை பதினோரு வருடமாக ஒரு காலை ஆட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலுக்கு அடியில் இரண்டு ரொட்டியைச் சொருகினார். ஆட்டம் நின்றுவிட்டது. மிச்சத்தை என்ன செய்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது கடைக்கு வந்த ஒருவர் அதில் ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

"இது புது சரக்கா அண்ணாச்சி? முதுகு வலிக்கு நல்லதா?"

புதன்கிழமை மத்தியானம் பஞ்சுவுக்கு அழுகையே வந்துவிட்டது. நாலு நாளில் முப்பத்தாறு ரொட்டி. ஒன்றைக்கூட அவராலேயே கடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமனாரின் புதுப் பல்செட்டு இரண்டாக உடைந்து தட்டில் விழுவது போலவும், அவர் சோபா கதையை விட்டுவிட்டுச் சாகும் வரை இந்தக் கதையைச் சொல்லப் போவது போலவும் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ஒரே ஒரு ஆறுதல், இவ்வளவு மாவு வீணாகியும் டப்பா குறையவே இல்லை. தன்னுடைய அளவு அவ்வளவு கச்சிதம் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம்தான் அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. சமையலறையை ஒட்டிய பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த துண்டை எடுக்கப் போனார். சமையலறைச் சன்னலில் நின்றுகொண்டு மனைவி எதிர்வீட்டு டீச்சரோடு பேசிக்கொண்டிருந்தாள். டீச்சருக்கு மூன்றாம் வகுப்பு. இருபத்தைந்து வருடமாக மூன்றாம் வகுப்பு.

"ஏன் டீச்சர், உங்க வீட்டு ரொட்டி மட்டும் எப்படி இவ்வளவு மெத்து மெத்துன்னு இருக்கு?"

மெத்து என்ற சொல் எங்கே கேட்டாலும் பஞ்சுவின் காது நிமிரும். கொடியில் தொங்கிய படுக்கை விரிப்புக்குப் பின்னால் சட்டென்று ஒதுங்கி நின்றார். டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முதலாவது, வெந்நீர். கை பொறுக்கற சூடு. கை, பொறுக்கற, சூடு."

"சரி டீச்சர்."

"ரெண்டாவது, ஒரு கரண்டி தயிர், அரைக் கரண்டி எண்ணெய். பிசைஞ்ச மாவை ஈரத்துணியால மூடி அரை மணி நேரம் தூங்க விடணும். அடிக்கக் கூடாது, குத்தக் கூடாது."

பஞ்சு சட்டைப் பையிலிருந்து அளவுச் சீட்டை எடுத்து, காதில் செருகியிருந்த பென்சிலால் பரபரவென்று எழுதினார். 'தூங்க விடணும்' என்ற இடத்தில் முனை ஒடிந்தது. நல்ல வேளை, டீச்சரும் அங்கேயே நிறுத்திவிட்டார்.

"என்ன டீச்சர், நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணுமில்ல, மூச்சு வாங்குது."

பஞ்சு பென்சிலைப் பல்லால் கடித்து முனை எடுத்தார். அவர் எடுத்து முடிக்கவும் டீச்சருக்கு மூச்சு திரும்பவும் சரியாக இருந்தது.

"மூணாவது, கல்லு நல்லாக் காயணும். ரொட்டியைப் போட்டு, மேல குமிழி வந்ததும் திருப்பணும். ரெண்டு தடவைக்கு மேல திருப்பக் கூடாது. எடுத்த உடனே துணியில சுத்தி வைக்கணும். காத்துப் பட்டா விறைச்சுக்கும். எல்லாம் ஒரு தடவை திருப்பிச் சொல்லட்டுமா?"

"சொல்லிடுங்க டீச்சர். எனக்கு மறதி ஜாஸ்தி."

மறுநாள் மத்தியானம் சீட்டைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். மாவு குழந்தையின் கன்னம் போல வந்தது. கல்லில் போட்ட ரொட்டி முதலில் சும்மா கிடந்தது. அப்புறம் ஒரு குமிழி வந்தது, இன்னொன்று வந்தது. திருப்பிப் போட்டதும் முழுசாக உப்பி எழுந்தது. எடுத்து, துணியில் சுற்றி, கொஞ்சம் பொறுத்துப் பிரித்து, கட்டைவிரலால் அழுத்தினார். ஒன்று. இரண்டு. எழும்பிவிட்டது!

அடுப்படியில் தனியாக நின்று பஞ்சு சிரித்தார். நின்றபடியே ஐந்து ரொட்டியை வெறுமனே தின்றார். கடை ஆரம்பித்த அன்று, முதல் மெத்தை விற்றபோதுகூட அவருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமனார் மட்டும் போதாது என்று எதிர்வீட்டு டீச்சரையும், டீச்சரின் கணவரான கடிகாரக்காரரையும் பஞ்சுவே போய் அழைத்து வந்தார். கூட்டம் பெரிதாக இருந்தால்தானே வெற்றியும் பெரிதாக இருக்கும்? கடிகாரக்காரர் அதிகம் பேசாத மனிதர். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர், டீச்சருக்கும் புருஷன். பேச அவருக்கு நேரம் ஏது?

துணியைப் பிரித்ததும் ஆவி பறந்தது. மாமனார் ஒரு ரொட்டியை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். கடித்தார். மென்றார். பஞ்சு அந்தத் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் நிதானமாகப் பல்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இரண்டாவது ரொட்டியை வெறும் ஈறாலேயே தின்று முடித்தார்.

"இதுக்கு அது எதுக்கு?" என்றார் பல்செட்டைக் காட்டி.

கடிகாரக்காரர் கை தட்டினார். மனைவி எழுந்து நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. நான் ஒத்துக்கறேன். என்னைவிட இவர்தான் நல்லா சுடறார். இவ்வளவு மெத்துன்னு எனக்கு வரவே வராது."

பஞ்சுவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தலைகால் புரியவில்லை. அதோடு உட்கார்ந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"இனிமே இந்த வீட்டுல நான் சுட்ட ரொட்டிதான்! இவ சுட்டா நான் கையால கூடத் தொட மாட்டேன். இது சத்தியம்!"

"அப்பா, கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டேன்" என்றார் மாமனார், பல்லைப் போட்டுக்கொண்டு.

"டீச்சர், நீங்க?"

"எழுதியே வெச்சுக்கிட்டேன்."

திங்கட்கிழமை மாலை ஆறே முக்கால். பஞ்சு கடையிலிருந்து வந்து நாற்காலியில் சாய்ந்தார். மனைவி தோளில் பையும் கையில் துண்டுமாக வெளியே வந்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்டே?"

"நீச்சலுக்குங்க."

"நீச்சலா? நான்தானே ஜெயிச்சேன்!"

"ஆமாங்க. அதான் போறேன்."

"தோத்தாத்தானே நீ போகணும்?"

"ஜெயிச்சாப் போகக் கூடாதுன்னு நீங்க சொல்லலையே? ரொட்டி யார் சுடறதுன்னு கேட்டீங்க. இப்பதான் ஆள் கிடைச்சாச்சே."

பஞ்சு நாற்காலியிலிருந்து எழுந்தார். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நீ..."

"நான் சுட்டா தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க. புருஷன் சத்தியத்தை நான் உடைக்கலாமா?"

அவருக்கு ஏதோ தோன்ற, சமையலறைக்குள் போய் மாவு டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். அடியில் படிவம் இல்லை. அது அவள் கையில் இருந்தது, போன புதன்கிழமைத் தேதியிட்ட முத்திரையோடு.

"புதன்கிழமையே சேர்ந்துட்டியா? நான் தோப்பேனா ஜெயிப்பேனான்னு அப்ப யாருக்கும்மா தெரியும்?"

"நீங்க தோத்திருந்தீங்கன்னா ஒரு வாரம் கடையில வாங்கிச் சாப்பிடுவீங்க. எட்டாம் நாள் வயித்து வலின்னு சுருண்டு படுப்பீங்க. அதோட என் நீச்சல் போச்சு. அதனால உங்களை எப்படியாவது ஜெயிக்க வைக்கணும்னு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். டப்பாவுல தினமும் மாவைக் கொட்டிக் கொட்டி எனக்குக் கையே வலிச்சுது."

"நாங்கன்னா?"

"விரிப்புக்குக் கீழ உங்க ரெண்டு காலும் நல்லாத் தெரிஞ்சுதுங்க. பென்சில் ஒடிஞ்ச சத்தம் டீச்சர் வீடு வரைக்கும் கேட்டுது."

பஞ்சுவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் கிளம்பும் பிள்ளையின் முகம் போல இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக் கோபப்பட அவரால் முடியவில்லை, சிரிப்புத்தான் வந்தது. "பார்த்து, ஆழத்துக்குப் போயிடாதே" என்று மட்டும் சொன்னார்.

வாசலில் டீச்சர் நின்றார், அவர் தோளிலும் ஒரு பை. பின்னால் கடிகாரக்காரர் ஒரு கிண்ணம் மாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"இவருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுத்துடுங்க" என்றார் டீச்சர். "எதையும் ரெண்டு தடவை சொல்லுங்க, போதும்."

இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். கடிகாரக்காரர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு பஞ்சுவின் முகத்தையே பார்த்தார்.

பஞ்சு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முதலாவது, வெந்நீர். கை, பொறுக்கற, சூடு."