யார் விசாரிப்பது என்று விசாரிப்பவர்

ஒரு கட்சித் தலைவர் மேல் இருக்கும் பண மோசடி வழக்கை மாநிலத்திடமிருந்து மத்திய அரசு பிடுங்கிக்கொண்டுவிட்டது என்று போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வதந்தி. சரிபார்க்கக் கிளம்பினேன். முடிவெட்டும் கடைக்காரர், மருந்துக் கடைக்காரர் சொன்னார் என்றார். மருந்துக் கடைக்காரர், தபால் நிலைய ‘சார்ட்டர்’ சொன்னார் என்றார். சார்ட்டரிடம் போனேன். தெருவில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்களே, உங்களுக்குத் தெரியாதா என்று என்னையே கேட்டார்.

செய்தி அகப்படவில்லை. ஆனால் ஒரு தனி ரக மனிதர் அகப்பட்டார். பெரியோர்களே, இவர்தான் அதிகார வரம்பு நிபுணர்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். அந்தத் தலைவர், வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டித் தருகிறேன் என்று அறக்கட்டளை வைத்து, தவணை தவணையாகப் பணம் வாங்கி, ஐந்து வருஷம் கழித்து ஒரு காலி மனையையும் அதன் நடுவில் தன் படம் போட்ட பலகையையும் மட்டும் காட்டினார் என்று பத்திரிகையில் வருகிறது. நீங்களும் நானும் என்ன கேட்போம்? அடப்பாவி, நிஜமாகவே எடுத்தாரா என்று கேட்போம். நம்மவர் கேட்கமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், சட்டை நுனியில் துடைப்பார், இதைக் கேட்க இவர்களுக்கு அதிகாரம் உண்டா என்பார். அவ்வளவுதான். பணம் போன இடத்திலிருந்து பேச்சு கிளம்பி, கோப்பு போகவேண்டிய இடத்துக்குப் போய்விடும். திரும்பி வரவே வராது.

அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? முப்பத்திரண்டு வருஷம் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்ட சார்ட்டர். உறைக்குள் கல்யாணமா கருமாதியா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. எந்தப் பையில் விழவேண்டும் என்பதுதான் வேலை. ஓய்வு பெற்றுவிட்டார், கை ஓயவில்லை.

கொள்கை இல்லாதவர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இருக்கிறது. வருஷத்துக்கு ஒன்று. தலைவர் இவருடைய கட்சியோடு கூட்டணியில் இருந்த காலத்தில், மாநிலத்தின் உரிமையில் மத்திய அரசு மூக்கை நுழைக்கலாமா என்று கண் சிவந்தார். கூட்டணி முறிந்தது. மறுவாரமே, மாநிலப் போலீசை எவன் நம்புவான், மத்தியில் விசாரித்தால்தான் நியாயம் என்றார். பிறகு மத்திய வழக்கென்றால் குடியரசுத் தலைவர் ஒரே கையெழுத்தில் மன்னித்துவிடலாம், மாநில வழக்கென்றால் அந்தக் கையெழுத்து எட்டாது என்று எங்கோ படித்துவிட்டு, அதை ஒரு மாதம் ஆபத்து என்றும் அடுத்த மாதம் கருணை என்றும் விளக்கினார். இரண்டு தடவையும் அதே குரல், அதே கண்ணாடி.

இதெல்லாம் பேச்சோடு போயிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கமாட்டேன். அவர் மனைவியின் தங்கை தையற்காரி. ஒற்றை இயந்திரம் போட்ட கடை. சட்டைக்குக் காஜா எடுத்தும் பள்ளிச் சீருடை தைத்தும் சேர்த்த பணமெல்லாம் அந்த அறக்கட்டளையில்தான் போய் விழுந்தது. ஏமாந்தவர்கள் ரசீதோடு மனுக் கொடுத்துப் பெயர் பதிந்துகொள்ள வேண்டும், வெள்ளிக்கிழமை மாலையோடு பட்டியல் மூடப்படும், பட்டியலில் இல்லாதவருக்குச் சல்லிக்காசு திரும்பாது என்று மாநிலப் போலீஸ் அறிவித்திருந்தது. படித்த மாமா இருக்கிறாரே என்று ரசீதுகளை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மாமா அவற்றை ஓர் உறையில் போட்டார். மேலே சிவப்பு மையில் ‘மாநிலம்?’ என்று எழுதினார். அதற்குக் கீழே ‘மத்தி?’ என்று எழுதினார். மூன்று வாரம் உறை அலமாரியில் இருந்தது.

“அவசரப்பட்டு இங்க குடுத்துட்டேன்னு வை, நாளைக்கு அவங்க எடுத்துக்கிட்டா உன் பேப்பர் செல்லாமப் போயிடும். வரம்பு முடிவாகட்டும், பொறும்மா.”

“எப்ப மாமா முடிவாகும்?”

உச்ச நீதிமன்றத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். தேதி மட்டும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் பாதி தைத்த சீருடையை ஊசியோடு விட்டுவிட்டு, அக்கா வீட்டுக்குப் போய், மாமா குட்டித்தூக்கத்தில் இருந்த நேரம் பார்த்து அலமாரியைத் திறந்து, உறையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். போலீஸ் அலுவலகத்தில் ஒரே கவுண்ட்டர், நீள வரிசை. அவள் முறை வந்தபோது மணி நாலே முக்கால். குமாஸ்தா தலை நிமிராமல், எவ்வளவு கட்டினீர்கள், எத்தனை தவணை, ரசீது எங்கே என்று கேட்டார். இந்த மூன்று கேள்வியையும் மூன்று வாரத்தில் அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

“கேஸை மத்தியில எடுத்துக்கிட்டா இது என்ன சார் ஆகும்?”

“எடுத்துக்கிட்டா எல்லாத்தையும் கட்டாக் கட்டி அங்க அனுப்புவோம். அது எங்க தலைவலி. நீங்க கையெழுத்துப் போடுங்கம்மா.”

முத்திரை விழுந்தது. நானூற்றுப் பதினேழாவது பெயர். சார்ட்டரின் மூன்று வாரச் சட்ட ஞானம் அந்த ஒரு வாக்கியத்தில் மாவாகிவிட்டது.

மறுநாள் காலை அவர் அவளுடைய கடை வாசலுக்கு வந்து நின்றார். நான் சட்டை அளவு கொடுக்கப் போயிருந்தேன். தன்னைக் கேட்காமல் எந்த அலுவலகத்தில் கொடுத்தாள் என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. அவள் இயந்திரத்தை நிறுத்தினாள்.

“மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த ஆளு எங்க பணத்தை எடுத்தாரா, எடுக்கலையா? உங்களுக்கு என்ன தோணுது?”

கண்ணாடி கழன்றது. சட்டை நுனி வந்தது. வெகுநேரம் துடைத்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று: இவ்வளவு தூரம் படித்து வந்தீர்களே, அந்தத் தலைவர் நம் ஆளா, அவர்கள் ஆளா என்று மனத்துக்குள் எத்தனை தடவை துழாவினீர்கள்? நான் கட்சிப் பெயரைச் சொன்ன பிறகு கோபப்படலாம் என்று கோபத்தைக் கையிலேயே வைத்திருக்கிறீர்கள் அல்லவா? பரவாயில்லை. தையற்காரிக்கு வரவேண்டிய பதில் இன்னும் வரவில்லை. சார்ட்டர் இப்போது பால் வாங்க அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறார். அவர் சார்பில் அந்தப் பதிலை நீங்கள் கொடுத்தாலும் அவள் வாங்கிக்கொள்வாள். உங்களுக்கு அதிகாரம் உண்டா என்று கேட்கமாட்டாள்.