கரும்பச்சை டாங்க்

குவார்ட்சைட், அரிசோனா
ஜனவரி, குளிர் காலம்

அன்புள்ள மைத்துனி ஆர்டித்துக்கு ஆர்வில் எழுதிக்கொண்டது. யூமாவில் நீயும் கிளைடும், உங்கள் ஆரஞ்சு மரங்களும், கிளைடின் முழங்காலும் நலம்தானே? இங்கே வண்டி நலம். ஆகவே நானும் நலம். உன் அக்கா வெர்னா மட்டும் கொஞ்சம் கோபமாக இருக்கிறாள்.

இந்நேரம் அவள் உனக்குப் போன் செய்து, "பின்கட்டு அறையைத் தூசி தட்டி வை, வரேன்" என்று சொல்லியிருப்பாள். தயவுசெய்து தட்டாதே. விஷயம் ஒன்றும் பெரிதில்லை. நாங்கள் குடியிருக்கும் வேன் பழையது என்பது உனக்குத் தெரியும். அதன் வயிற்றுக்கு அடியில் கேஸ் டாங்க் ஒன்று நிரந்தரமாகப் பொருத்தியிருக்கிறது. அதில்தான் ஹீட்டர், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாமே ஓடுகிறது. டாங்க் துருப்பிடித்தால் நிரப்ப மாட்டார்கள் என்று பக்கத்து டிரெய்லர்காரர் பயமுறுத்தினார். நானும் மல்லாந்து படுத்துக் கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, வண்டி பச்சை என்பதால் டாங்க்குக்கும் அருமையான கரும்பச்சை பெயிண்ட் மூன்று கோட் அடித்தேன். குனிந்து பார்த்த உன் அக்கா, "ஏங்க, டாங்க்ல ஒட்டியிருந்த தகட்டுல ஏதோ எழுதியிருந்துச்சே, அதும்மேலயும் அடிச்சிட்டீங்களா?" என்றாள். "கேஸுக்குப் படிக்கத் தெரியாதுடி" என்றேன். அன்றைக்கு அது எனக்கு நல்ல பதிலாகத்தான் பட்டது.

நிரப்பும் இடத்துக்குப் போனோம். சட்டப்படி எல்லாத் தீயையும் அணைத்துவிட்டு, வண்டியைவிட்டு இறங்கித் தள்ளி நின்றோம். அங்கே வேலை பார்க்கும் நதீன் டார்ச்சுடன் அடியில் புகுந்து, புகுந்த வேகத்தில் வெளியே வந்தாள். "பெரியவரே, தகடு எங்க?" "அங்கேதாம்மா இருக்கு, பெயிண்ட்டுக்குக் கீழ." "அதுலதான் டாங்க்கோட அளவு, தேதி எல்லாம் இருக்கும். அதைப் படிக்காம நிரப்ப மாட்டேன். அதுவும் இந்தப் பாலைவனத்துல கேஸ் டாங்க்குக்கு யாராச்சும் இப்படிக் கரும்பச்சை அடிப்பாங்களா? வெயில் பூராவும் அதுலதான் இறங்கும். வெள்ளை அடிச்சிட்டு வாங்க." வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தன், "எதிரி விமானம் பாத்துடக் கூடாதுன்னு அடிச்சிருக்காரு, விடும்மா" என்றான். வரிசையே சிரித்தது. உன் அக்கா எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

அன்று ராத்திரி ஹீட்டர் இல்லை. மறுநாள் தகட்டைத் தேய்த்து எழுத்தை வெளியே கொண்டுவந்து, வெள்ளை அடித்து, காயவைத்து, மாலையில் தலை நிமிர்ந்து போனேன். டாங்க்கில் ஒரு குட்டித் திருகு இருக்கும். முக்கால்வாசிக்கு மேல் கொஞ்சம் நிரம்பியதும் அதன் வழியாக வெள்ளைப் புகை சீறும், உடனே நிறுத்துவார்கள். அந்தத் திருகு என் பெயிண்ட்டில் கல்லாக இறுகியிருந்தது. "இதையும் விட்டு வைக்கலியா நீங்க?" என்று நதீன் மறுபடி திருப்பி அனுப்பிவிட்டாள்.

கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்து டப்பா பீன்ஸைச் சூடாக்காமல் அப்படியே சாப்பிட்ட வெர்னா, "நாளைக்கும் கேஸ் இல்லேன்னா நான் ஆர்டித் வீட்டுக்குப் போறேன். நீங்க உங்க டாங்க்கைக் கட்டிக்கிட்டுத் தூங்குங்க" என்றாள். ஆர்டித், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அவள் இல்லாமல் எனக்கு வண்டி ஓட்ட மனசு வராது. தப்பான சாலையில் திரும்பினால் திட்டுவதற்கு ஆள் வேண்டாமா? அதனால் அவள் கேட்டால் கூரை ஒழுகுகிறது என்று சொல்லிவிடு. யூமாவில் மழையே இல்லை என்பதை அவள் யோசிக்க மாட்டாள்.

உங்கள் மரங்கள் கிளை ஒடியக் காய்க்கட்டும். கிளைடின் முழங்கால் நடனமாடட்டும்.

என்றும் அன்புடன்,
ஆர்வில்

பி.கு: இன்று காலை வெர்னாவே வெந்நீர்த் துணி சுற்றி அந்தத் திருகைத் திறந்துவிட்டாள். நதீன் நிரப்பினாள், புகையும் அழகாகச் சீறியது. நான் குழாய் இணைப்புகளில் எல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட இல்லை. ஹீட்டரும் எரிந்தது. வெர்னா உள்ளே குளிர்காய்ந்தபடி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, "ஏங்க, வண்டியில ஒரு குறையும் இல்ல. குறை எதுன்னு இப்பத்தான் புரிஞ்சுது. பத்து நாள் நான் மட்டும் நிம்மதியா சுத்திட்டு வரேன்" என்று சொல்லி, என்னை வெளியே விட்டுவிட்டு வண்டியோடு கிளம்பிவிட்டாள். நதீன் இரக்கப்பட்டு என்னை யூமா போகும் கேஸ் லாரியில் ஏற்றிவிட்டாள். இந்தக் கடிதத்தை உன் கதவுக்கு அடியில் தள்ளியது தபால்காரர் இல்லை, நான்தான். வெளியேதான் நிற்கிறேன். படித்து முடித்ததும் கதவைத் திற.