மம்பெத்தாலியின் இரண்டு முட்டிகள்

"சீட்டுல வலது முட்டின்னுதானே இருக்கு? இடது காலை எதுக்கு நீட்டுறீங்க ஐயா?"

ஜெல் குப்பியோடு ஜிப்பாரின் கை அந்தரத்தில் நின்றது. கட்டிலில் படுத்திருந்த மம்பெத்தாலி கூரையைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் கணவாய்ச் சாலையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"இன்னிக்கு இதுதான்."

"இதுவும் வலிக்குதா?"

"போடு பொண்ணே. போட்டாத்தானே தெரியும்."

ஜிப்பார் போட்டாள். நாரின் என்ற மலைநாட்டின் அந்தச் சின்ன ஊர் மருத்துவமனையில் பதினெட்டு வருடமாக மூட்டுவலிக்கு அல்ட்ராசவுண்ட் சிகிச்சை கொடுப்பவள். கருவியின் தலையை ஒரே இடத்தில் நிறுத்தினால் சுட்டுவிடும். அவள் கை நின்றதே கிடையாது. மாவு பிசைகிற நிதானத்தில் வட்டம் வட்டமாகப் போகும். முட்டி தேய்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள், பத்து நாளில் "கொஞ்சம் தேவலை, படியேறினேன்" என்பார்கள். அந்தக் 'கொஞ்சம்' அவளுக்குப் போதும்.

கணக்குச் சரியாக இருக்கட்டும் என்று சீட்டில் 'இரு முட்டிகளும்' என்று எழுதினாள். வினை அங்கேதான் பிடித்தது.

சீட்டைப் பார்த்த இளம் டாக்டர் எமில்பெக் பதறிப்போனார். "அஞ்சு நாள்ல அடுத்த காலுக்கும் பரவிடுச்சா?" உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

படம் வந்தது. இரண்டு முட்டியும் குதிரைக்குட்டியின் முட்டி மாதிரி பளிச்சென்று இருந்தன. மம்பெத்தாலி முதல்நாள் கொண்டுவந்த ஓரம் கிழிந்த பழைய படத்தை டாக்டர் பக்கத்தில் வைத்தார். அதில் எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருந்தன.

"ஜிப்பார் அக்கா! என்ன செஞ்சீங்க?"

"ஜெல் தடவி வட்டம் போட்டேன்."

"தேய்ஞ்ச மூட்டு வளந்திருக்கு!"

"வளராது டாக்டர். இது வலியைத் தணிக்கும், அவ்வளவுதான். வேணும்னா அவரை உக்காந்து எழுந்திருக்கச் சொல்லுங்க. முகம் சுளிப்பாரு, உங்களுக்கே புரியும்."

மம்பெத்தாலியைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். நடைபாதையின் நடுவில் இருபது தடவை குந்தி எழுந்தார். மூச்சுகூட வாங்கவில்லை. காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள். மறுநாள் காலை வரிசை வாசலைத் தாண்டி, ரொட்டிக் கடை வரைக்கும் நின்றது. பல்வலிக்காரர் ஒருவரும் அதில் இருந்தார்.

"இங்க முட்டிக்கு மட்டும்தான்" என்று ஜிப்பார் கத்தினாள்.

"எனக்கும் முட்டி இருக்கே!" என்றார் பல்வலிக்காரர்.

எமில்பெக் சும்மா இருக்கவில்லை. மாகாணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். சிகிச்சை தொடங்கிய பதினோராம் நாள் அங்கிருந்து தலைமை மருத்துவர் போட்டோக்காரரோடு வருவதாக ஏற்பாடு.

ஜிப்பாருக்குச் சோறு இறங்கவில்லை. பதினெட்டு வருடம் ஒரு பொய் சொல்லாமல் செய்த வேலை. 'எலும்பை வளர்ப்பவள்' என்று போட்டோ வந்தால், நாளைக்கு வலிதீர வருகிற அப்பாவிகளிடம் எந்த முகத்தோடு பேசுவது?

பத்தாம் நாள் கருவியை அணைத்துவிட்டு மம்பெத்தாலியிடம் நேராகவே கேட்டாள். "உண்மையைச் சொல்லுங்க ஐயா. உங்களுக்கு வலி இருந்துச்சா, இல்லையா?"

அவர் பதிலுக்குக் கேட்டார். "இந்தப் பத்து நாள்ல என்னைக்காவது சுட்டுச்சா?"

"இல்ல."

"நான் 'ஆ'ன்னு கத்தினேனா?"

"இல்லையே."

"அதை எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடு."

வழக்குப் போடப்போகிறாரோ என்று அவள் பேனாவை எடுக்கத் தயங்கினாள். ஆனாலும் உண்மைதானே என்று எழுதிக்கொடுத்தாள். தாளை இரண்டு தடவை படித்து, மடித்து, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

பதினோராம் நாள் தலைமை மருத்துவர் வந்தார். போட்டோக்காரர் விளக்கைப் பொருத்தினார். ஜிப்பார் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஐயா, படம் எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன். இந்த மெஷின் யாருக்கும் மூட்டை வளக்காது. இங்க என்ன நடந்துச்சுன்னு எனக்கே தெரியல."

எமில்பெக் முகம் வெளுத்தது. அதற்குள் கதவு திறந்தது. மம்பெத்தாலி, கோலூன்றி அடிமேல் அடிவைத்து வந்த ஒரு பருத்த அம்மாளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். அம்மாளின் கையில் ஜிப்பார் எழுதிக்கொடுத்த தாள்.

"வாங்கய்யா!" எமில்பெக் உயிர் வந்தவராகப் பாய்ந்தார். "அந்த அதிசய முட்டியைக் காட்டுங்க!"

"எங்க வீட்டுக்காரர் முட்டிக்கு என்ன கேடு டாக்டர்?" என்றாள் அந்த அம்மாள், கட்டிலில் மெல்ல உட்கார்ந்தபடி. "பழைய படம் என்னோடது, மெஷின்னா சுட்டுடுமோன்னு எனக்கு உசிரே போயிடும், அதான் நீங்க முதல்ல படுத்துப் பாத்துட்டு வாங்கன்னு அனுப்பினேன், வலதுல வச்சா வலிக்கலைன்னாரு, இடதுல வச்சு வலிச்சா என்ன பண்றதுன்னு கேட்டேன், பாவம் அதையும் காட்டிட்டு வந்தாரு."