ராக்கெட் அக்காவின் செவ்வாய்க் கூட்டம்

உடம்பு சிராங்கூன் சாலையிலும் மனசு சூரிய மண்டலத்துக்கு வெளியிலுமாக வேலை பார்த்த ஒரே ஆள் இந்தச் சிங்கப்பூரிலேயே எங்கள் ராக்கெட் அக்காதான். போட்டிக்கு யாராவது இருந்தால் என்னிடம் அனுப்புங்கள், பேசிக்கொள்கிறேன்.

லிட்டில் இந்தியாவில் ஒரு பயண ஏஜென்சி. எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த கவுண்டர். அக்காவின் மேசைமேல் கம்ப்யூட்டர் இருக்கும், மடியில் ஏதாவது ஓர் அறிவியல் புனைகதை இருக்கும். வாடிக்கையாளர் வந்து நின்றால், அக்கா ஏதோ கிரகத்திலிருந்து கிளம்பி வந்து நிமிர்ந்து பார்க்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை நான்தான் சிரித்துச் சமாளிப்பேன்.

ஒருமுறை பிடோக்கிலிருந்து ஒரு பெரியவர் வந்தார்.

"திருச்சிக்கு ஒரு டிக்கெட் போடும்மா. போக வர. சீக்கிரமா போய்ச் சேரணும்."

"ரொம்ப வேகமா போனா ஒரு தொல்லை இருக்கு அங்கிள்" என்றார் அக்கா, கண்கள் எங்கேயோ இருக்க. "நீங்க திரும்பி வர்றப்ப உங்க பேரன் உங்களைவிட வயசானவனா இருப்பான்."

பெரியவர் மெல்ல என் கவுண்டருக்கு நகர்ந்து வந்தார். "தம்பி, நான் சாதாரண பிளேன்லயே போறேன் லா."

அக்காவுக்குப் பழைய கதைகளும் பிடிக்கும், போன மாதம் வந்த கதைகளும் பிடிக்கும். பழைய கதைகளில் செவ்வாயில் கால்வாய் ஓடும், வெள்ளியில் காடு மண்டிக் கிடக்கும். எல்லாம் தப்பு என்று நான் கிண்டல் செய்தால் அவருக்குப் பொறுக்காது.

"தப்புதான். ஆனா எவ்ளோ ஆசையான தப்பு பாரு. வானத்துல ஒரு செவப்புப் புள்ளி. அதைப் பாத்து ஒருத்தன் அங்க தண்ணி ஓடுதுன்னு நினைச்சிருக்கான். நீ எதையாவது பாத்து அப்படி நினைச்சிருக்கியா?"

நான் எதையும் பார்த்து அப்படி நினைத்ததில்லை. வடையைப் பார்த்தால் வடை என்றுதான் நினைப்பேன். அதே வடையின் ஓட்டை வழியாக அக்கா ஒருநாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாங்கி வைத்த தே தாரிக் டீ ஆறிப்போனது. என்ன தெரிகிறது என்று கேட்டேன். "அந்தப் பக்கம்" என்றார்.

"அப்ப புதுக் கதைங்க?" என்றேன் அக்காவிடம்.

"பழசுல ராக்கெட் கெளம்பும், எல்லாரும் கை தட்டுவாங்க. புதுசுல, அந்த ராக்கெட்ல யாரு பாத்திரம் கழுவுறதுன்னு கேக்குறாங்க. ரெண்டும் வேணும் லா."

ஏஜென்சியின் மாடி அறையில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் அக்கா ஒரு வாசகர் வட்டம் நடத்தினார். வட்டம் என்பது மரியாதைக்குச் சொல்வது. அக்கா, நான், ஏர்கான் குளிருக்காக வந்து தூங்கும் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர், அவ்வளவுதான். அதுவும் எங்கள் முதலாளியின் கண்ணை உறுத்தியது. அவரை எல்லாரும் பாய் என்போம்.

"தங்கச்சி, ஊருக்கு அனுப்புற கார்கோ பெட்டி வைக்க எடமில்ல. வர்ற செவ்வாய்க்கிழமை மாடிக்கு ஆள் வரணும். இல்லாட்டி பெட்டியை ஏத்திருவேன்."

அன்று முழுக்க அக்கா புத்தகத்தைத் திறக்கவே இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் கேட்ட ஊருக்கே ஒழுங்காக டிக்கெட் போட்டுக் கொடுத்தார். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அந்த மாடி போனால் இவர் முழுசாகத் தரையிறங்கிவிடுவார் என்று தோன்றியது.

மாலையில் அக்கா தனக்குத் தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் ஒரு செய்தி தட்டிவிட்டார். 'செவ்வாய் பற்றிய உங்கள் பயம், சந்தேகம் அனைத்தையும் செவ்வாய்க்கிழமை மாலை பேசித் தீர்ப்போம். அனுமதி இலவசம்.'

செவ்வாய்க்கிழமை மாடிப்படி முழுக்கச் செருப்பு. நாற்காலி போதவில்லை. வந்தவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஃபைல். சிலர் மகளையும் கூட்டி வந்திருந்தார்கள். குமாஸ்தா விழித்துக்கொண்டார். பாய் படியில் நின்று எட்டிப் பார்த்தார்.

"இவங்க பேசறது எனக்கு வெளங்கல. ஆனா கூட்டம்னா எனக்கு நல்லா வெளங்கும்" என்று பூரித்துப் போனார்.

அக்கா ஆரம்பித்தார். "செவ்வாய்னா நமக்கு ஏன் இவ்ளோ பயம்?"

கூட்டம் பெருமூச்சு விட்டது. முன்வரிசைப் பச்சைச் சேலை அம்மாள் ஃபைலைத் திறந்தார். "எந்த எடத்துல இருந்தா ஆபத்து?"

"செவ்வாய் எப்பவுமே நாலாவது எடந்தாங்க. சூரியன்லேருந்து எண்ணினா."

"நாலுலயா! நாலுல இருந்தா வீடு அமையாதே!"

"ஆமாங்க. அங்க வீடு கட்டறது ரொம்பக் கஷ்டம். மூச்சு விடற மாதிரி காத்தே கெடையாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய் அக்கா காதில் சொன்னேன். "அக்கா, எல்லாரும் செவ்வாய் தோஷத்துக்கு வந்திருக்காங்க. அது ஜாதகம்! அப்படியே ஓட்டிடுங்க, மாடி தப்பிச்சிடும்."

அக்கா ஃபைல்களைப் பார்த்தார். படியில் நின்ற பாயையும் பார்த்தார். பிறகு கைகூப்பினார்.

"மன்னிச்சிருங்க. நான் ஜோசியம் பாக்கறவ இல்ல. கதை படிக்கறவ. செவ்வாய்னு நான் எழுதினது அந்தக் கிரகத்தை."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். பச்சைச் சேலை அம்மாளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. பக்கத்தில் மகள் தலை குனிந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

"இவளுக்கு வர்ற வரன் எல்லாம் செவ்வாய்னாலேயே தட்டிப்போகுது. அதுக்கு உங்க கதையில என்னா இருக்கு, சொல்லுங்க?"

அக்கா வடை ஓட்டை வழியாகப் பார்த்த அதே பார்வை பார்த்தார்.

"செவ்வாயிலேயே ஒரு பொண்ணு பொறக்கறான்னு வைங்க. அவ ஜாதகத்துல செவ்வாயை எந்தக் கட்டத்துல போடுவீங்க?"

மகள் போனிலிருந்து தலை நிமிர்ந்தாள்.

"கட்டத்துலயே வராது. அது காலுக்குக் கீழதானே இருக்கு! அங்க வரன் பாக்கறவங்க வேற மாதிரி கேப்பாங்க. பொண்ணுக்குப் பூமி தோஷம் இருக்கான்னு."

முதலில் சிரித்தது அந்த மகள். "அம்மா, நம்மதான் அவங்களுக்கு தோஷமாம்! So cute lah!" அம்மாளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அங்கே இரண்டு நிலா என்றார் அக்கா. அப்படியானால் ராசிக்கு எந்த நிலாவை எடுப்பது என்று பின்வரிசையில் சண்டை மூண்டது. எழுந்தவர்களில் சிலர் உட்கார்ந்தார்கள்.

அக்கா மடியிலிருந்த புத்தகத்தை எடுத்துப் படித்தார். செவ்வாயில் குடியேறிய ஒரு குடும்பம் வீடு கட்டுவதற்காகத் தூசிக்காற்று அடங்கக் காத்திருக்கும் கதை. அங்கே பகல் சிவந்து கிடக்கும், சூரியன் மறையும்போது மட்டும் அதைச் சுற்றி வானம் நீலமாகும் என்று வந்த இடத்தில் குமாஸ்தாகூட முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். கீழே சாலையில் பஸ் போகும் சத்தம் ரொம்பத் தூரத்திலிருந்து வருவது போலக் கேட்டது. எனக்கே ஒரு நிமிஷம் காலுக்குக் கீழே மணல் நெருடியது.

அடுத்த செவ்வாய் ஆள் எண்ணுவதற்கென்றே பாய் படியடியில் நின்றார். கூட்டம் வரவில்லை. பச்சைச் சேலை அம்மாளும் மகளும், அவர்கள் பின்னால் ராசிச் சண்டை போட்டவர்களில் ஓரிருவரும் வந்தார்கள். ஃபைல் எதுவும் இல்லை.

"ஏன் பாய், மேல ஆரம்பிச்சிட்டாங்களா?" என்றார் அந்த அம்மாள். "அந்தக் கதையில அவங்க வீடு கட்டி முடிச்சாங்களா இல்லையான்னு எனக்குத் தூக்கமே இல்ல."

பாய் தலையைச் சொறிந்தார். "சரி, பாதி எடத்துல பெட்டி. பாதி எடத்துல நீங்க."

இன்றைக்கும் ஏற்பாடு அதுதான். நாற்காலி போதாவிட்டால் பெட்டிமேல் உட்காருவார்கள். நான் வேலை மாறி வருஷமாகிறது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை எம்ஆர்டி ரயில் பிடித்து அங்கே போய்விடுவேன். கதை கேட்கப் போவதாக வீட்டில் சொல்லியிருக்கிறேன். பாதிக் கதை எனக்குப் புரிவதே இல்லை. படிக்கும்போது அக்காவின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் போகிறேன்.