ஹார்ப்பருக்கு ஒரு நிமிட மௌனம்

ஒருவரைப் புகழ்வதற்கு முன் அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொள்வது நல்லது. இந்த எளிய உண்மையை நான் படித்த எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை. ஆக்லாந்தின் புறநகரான பாபடோயிட்டோய்தான் சொல்லித் தந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. கொழும்பிலிருந்து ஆக்லாந்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மகள் மாலினிக்குத் தெருமுனைப் பாலர் பாடசாலையில் இடம் வேண்டும். காத்திருப்போர் வரிசையோ தேர்வடம் போல நீளம். இடம் கிடைக்காவிட்டால் பிள்ளை ஆங்கிலம் தெரியாமல் மூலையில் நின்று அழும், வளர்ந்தபின் என்னைக் குற்றம் சொல்லும், கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிடாது என்பதுவரை நான் கவலைப்பட்டு முடித்திருந்தேன்.

பாடசாலைச் செயலாளர் மார்கரெட் ஒருநாள் என்னிடம், "சனிக்கிழமை ஊர் வரலாற்றுக் கண்காட்சி. புதிதாக வந்தவர் நீங்களும் இரண்டு வார்த்தை பேசுங்களேன்" என்றார். இடம் தருவதற்கான பரீட்சை இது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

முதல்நாளே மண்டபத்துக்குப் போனேன். 'நம் ஊரின் பெருமக்கள்' என்று தலைப்பு. முதன்முதல் வடிகால் வெட்டியவர், குதிரைகளுக்குத் தண்ணீர்த்தொட்டி கட்டியவர், பெரிய பூசணிக்காய்க்குப் பரிசு வாங்கியவர். (இளம் ஊர். கிடைத்தவர்களை வைத்துத்தானே பெருமைப்பட முடியும்?) நடுச்சுவரில், பாலர் பாடசாலையை நிறுவிய திரு. ஹார்ப்பரின் இளவயதுப் படம். பொன்னிறச் சட்டம், அதைச் சுற்றிப் பூமாலை, கீழே விளக்கு.

எங்கள் வீடுகளில் இந்த மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் நடுவில் இருப்பவர் திரும்பி வரமாட்டார். யாரிடமாவது விசாரித்திருக்கலாம். துக்கத்தைக் கிளறியதாகிவிடுமோ என்று விசாரிக்கவில்லை. (என் நல்ல பழக்கங்கள் எல்லாம் இப்படித்தான் காலை வாரும்.)

ஹார்ப்பரைப் பற்றியே பேசுவதென்று எழுதியதைக் கணவரிடம் வாசித்துக் காட்டினேன்.

"அந்தாள் எப்ப செத்தவர்?"

"கிட்டடியிலதான் இருக்கும். பூ இன்னும் வாடேல்லை."

"அப்ப குடும்பத்தில ஆரும் வந்திருப்பினம். கொஞ்சம் உருக்கமாக் கதையும்."

உருக்கினேன். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, "ஹார்ப்பர் என்ற ஆலமரம் சாய்ந்துவிட்டது. நம் குழந்தைகள் நிழலின்றி நிற்கிறார்கள்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். முன்வரிசையில் சலசலப்பு. அழுகிறார்கள் என்று நினைத்துக் குரலில் இன்னும் கொஞ்சம் நடுக்கம் சேர்த்தேன். மார்கரெட் இரண்டு கைகளையும் ஆட்டினார். நேரமாகிறது போலும் என்று நேரே முடிவுக்கு வந்தேன்: "அன்னாரின் ஆத்மா சாந்தியடைய எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம்."

நியூசிலாந்துக்காரர்களின் மரியாதையை யாரும் குறை சொல்லக்கூடாது. எழுந்தார்கள். முன்வரிசையில் கம்பளிச் சட்டை போட்ட கிழவர் ஒருவரும் கைத்தடியை ஊன்றி எழுந்து தலைகுனிந்து நின்றார். பக்கத்திலிருந்த பெண்மணி கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். விதவையாக்கும், பாவம், என்று நினைத்தேன்.

நிமிடம் முடிந்ததும் கிழவர் வந்து கையை நீட்டினார். "நான் ஹார்ப்பர்."

"அவருடைய தம்பியா?" என்றேன். (கடைசிவரை விடவில்லை.)

"இல்லையம்மா. செத்தவர்."

இந்த நாட்டில் நிலநடுக்கம் வரும் என்பார்கள். தேவைப்படும்போது வருவதில்லை.

படத்தைச் சுற்றியிருந்தது, அவருடைய பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் செய்த காகிதப்பூ மாலை. விளக்கு, படத்துக்கு வெளிச்சம் காட்ட வைத்த மேசைவிளக்கு. நான் அழுதபடியே மன்னிப்பு, பரீட்சை, மாலினிக்கு இடம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினேன்.

"கேட்டாயா மார்கரெட்?" என்றார் ஹார்ப்பர். "செத்தவனின் கடைசி ஆசை. அந்தப் பிள்ளைக்கு இடம் கொடுத்துவிடு."

"அது போன கிழமையே கொடுத்தாயிற்று" என்றார் மார்கரெட். "இன்றைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். இவர் உங்களைப் புதைத்து முடித்தால்தானே சொல்ல?"

அதன்பிறகு ஹார்ப்பர் பல வருடம் நன்றாக இருந்தார். கடைத்தெருவில் என்னைக் கண்டால் தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்து நிற்பார். நான் பால் வாங்க வேறு தெருவுக்குப் போகப் பழகினேன்.

வீட்டில்தான் ஒளிய இடமில்லை. போன மாதம் கணவரின் எழுபதாவது பிறந்தநாள். கேக் வெட்டுமுன், "இவரைப் போல நல்ல மனிசன்..." என்று ஆசையாகத் தொடங்கினேன். மாலினியும் பேரப்பிள்ளைகளும் கதிரைகளைத் தள்ளிவிட்டு எழுந்து தலைகுனிந்து நின்றார்கள்.

அவரும்தான்.