சீப்புச் சின்னமும் என் இருபத்திரண்டு வயசு முடியும்

உள்ளாட்சித் தேர்தல் அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலை. பூத்துல ஏஜெண்டா உக்காரணும். அவ்வளவுதான்.

ஓட வேணாம், வெயில்ல நிக்க வேணாம். பெஞ்சுல உக்காந்து வாரவுக போறவுக மூஞ்சியப் பாக்கணும். இடையில நம்ம ஓட்டையும் போட்டுக்கணும். சாயங்காலம் வீட்டுக்கு வந்துரணும். இதுல கூட ஒரு மனுசன் சொதப்ப முடியுமான்னு கேப்பீங்க.

முடியும் மக்களே. நான் இருக்கேன்ல!

விஷயம் என்னன்னா, என் பொண்டாட்டி செல்வியோட தம்பி முத்து வார்டு மெம்பருக்கு நின்னான். எங்க ஊரு எம்.ரெட்டியபட்டியத் தாண்டி உள்ள போற ரோட்டுல இருக்கு. சின்ன ஊரு, அதுல ஒரு சின்ன வார்டு. பாதி எங்க சொந்தம், மீதி எதிர்ல நின்னவரோட சொந்தம். ஒவ்வொரு ஓட்டும் உசுரு மாதிரி.

முத்துவுக்குக் கிடைச்ச சின்னம் சீப்பு.

முதநாள் ராத்திரி சோறு போடும்போதே செல்வி சொல்லிட்டா. "எந்தம்பி தோத்தா நீங்க இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது."

"நான் என்னடி செஞ்சேன்?"

"இன்னும் செய்யல. அதான் முன்னாடியே சொல்றேன்."

என்னையப் பத்தியும் சொல்லிர்றேன். அருப்புக்கோட்டை டவுனுல போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கேன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஜெராக்ஸ், லேமினேஷன், ஓட்டர் கார்டுக்கு ஆன்லைன்ல போட்டு விடுறது, எல்லாம் நம்ம கடையிலதான். எங்க ஊருல பாதிப் பேரு கார்டுல சிரிக்கிற சிரிப்பு, "லேசா சிரிங்க, லேசா... ஐயோ அவ்வளவு வேணாம்"னு நான் கெஞ்சி வாங்குன சிரிப்பு.

அதனால கார்டு விஷயத்துல எனக்குக் கொஞ்சம் திமிரு உண்டு.

முதநாள் டீக்கடையில இதப் பத்தி கருப்பசாமியோட பெரிய சண்டையே நடந்துச்சு. கருப்பசாமி என்கூட ஒண்ணாங்கிளாஸுல இருந்து படிச்சவன். எதிர்த்தரப்புக்கு அவன்தான் ஏஜெண்டு.

"ஏலே, நம்ம ஊருல யாருக்கு யாரத் தெரியாது? எதுக்குலே கார்டு? மூஞ்சியப் பாத்தா விட வேண்டியதுதான?"ன்னான்.

"அப்படி விட்டா செத்தவனெல்லாம் வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போவான். போட்டோ இல்லையா, ஓட்டு இல்ல!"

"காட்டு வேலைக்குப் போற பொம்பளைக கார்ட எங்கேயாச்சும் போட்டு மறந்திருந்தா? அவுகளுக்கு ஓட்டு இல்லையா?"

"பத்திரமா வச்சுக்கணும். பொறுப்பு வேணும்ல?"

"நீ போட்டோக்கடைக்காரன். வேற எப்படிப் பேசுவ!"ன்னு டீ கிளாஸ வச்சுட்டுப் போயிட்டான்.

மறுநாள் காலையில பள்ளிக்கூடத்துல பூத்து. அதிகாரியா வெளியூருல இருந்து ஒரு டீச்சரம்மா வந்திருந்தாக. கண்ணாடியும் வாட்டர் பாட்டிலுமா, நல்ல அமைதியான ஆளு. யாராவது உள்ள வந்தா எங்க ரெண்டு பேரையும் பாப்பாக. நாங்க தலைய ஆட்டுனா, பூத் சிலிப்ப மட்டும் பாத்து விட்டுருவாக. சும்மா பஸ்ஸுல டிக்கெட் கிழிக்கிற மாதிரி சரசரன்னு போய்க்கிட்டு இருந்துச்சு.

அப்படியே விட்டிருக்கலாம். விட்டேனா?

மாரியம்மா வந்துச்சு. பருத்திக்காட்டுல கூலி வேலை பாக்குது. கருப்பசாமிக்குத் தூரத்துச் சொந்தம். கையில பூத் சிலிப்பு மட்டும் இருக்கு, கார்டு இல்ல.

எனக்குள்ள இருந்த சட்டம் படக்குன்னு எந்திரிச்சுருச்சு.

"மேடம், போட்டோ ஐடி இல்லாம விடக் கூடாது!"

மாரியம்மா என்னைய ஏற இறங்கப் பாத்துச்சு. "ஏண்ணே, எனக்கு வளைகாப்புக்குப் போட்டோ எடுத்ததே நீதான. என்னைய உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்த்தா. சட்டத்துக்குத் தெரியாதுல்ல!"

இந்த வசனத்தச் சொல்லிட்டு நான் சுத்தி ஒரு பார்வை பாத்தேன் பாருங்க. ஜில்லா கலெக்டர் தோத்தாரு.

"போன்ல ஆதாரு படமா இருக்குண்ணே. இந்தா பாரு."

"செல்லாது. ஒரிஜினல் வேணும்."

டீச்சரம்மா பெருமூச்சு விட்டாக. "ஏஜெண்ட் ஆட்சேபணை பண்றாரும்மா. வீட்டுக்குப் போயி எடுத்துட்டு வந்துருங்க."

மாரியம்மா முணுமுணுத்துக்கிட்டே வெயில்ல இறங்கிப் போச்சு. கருப்பசாமி என்னையப் பாத்த பார்வையில பருத்திச்செடியே கருகியிருக்கும்.

அதோட நின்னுச்சா? டீச்சரம்மா கண்ணாடியத் தொடச்சு மாட்டுனாக. "சரி. இனிமே எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். கார்டையும் மூஞ்சியையும் சேத்து வச்சுப் பாத்துத்தான் விடுவேன்."

"அப்படிப் போடுங்க மேடம்!"ன்னேன் நான். கடவுளே, என் வாயத் தச்சு விட்டிருக்கக் கூடாதா!

அடுத்து வந்தது என் மாமனாரு. வெள்ளை வேட்டி, நெத்தியில திருநீறு, தலையில ஒத்த முடி கிடையாது. மகன் நிக்கிற எலக்‌ஷன்ல, ரொம்ப மிடுக்கா நடந்து வந்து கார்ட நீட்டுனாரு.

டீச்சரம்மா கார்டப் பாத்தாக. மாமனாரப் பாத்தாக. திரும்பக் கார்டப் பாத்தாக.

"ஐயா, இது நீங்களா?"

"நாந்தான் தாயி."

"இதுல முடி இருக்கே?"

"இருக்கும் தாயி. எங்க மருமகப்பிள்ளை வச்சு விட்டாக."

"எப்ப?"

"போட்டோ எடுக்கையில."

"அப்புறம் அது எங்க போச்சு?"

"எங்கேயும் போகல தாயி. அவுக கடையிலதான் இருக்கு."

நான் மெதுவா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

டீச்சரம்மா அவர ஓரமா உக்காரச் சொன்னாக. அடுத்து பால்காரப் பெருமாள் சித்தப்பா. அவரும் சொட்டை. அவரு கார்டுலயும் முடி. அதுக்கடுத்து முத்துவோட கூட்டாளி பாலா, அவனும் எங்க சொந்தம்தான். சின்னப் பயதான், முப்பது வயசுலயே முன்னாடி காலி. அவன் கார்டுலயும் முடி.

டீச்சரம்மா மூணு கார்டையும் மேசையில வரிசையா வச்சாக. குனிஞ்சு பாத்தாக. குரலு மாறிப் போச்சு.

"மூணு பேருக்கும் ஒரே முடியா இருக்கே? அதே வகிடு. நெத்தியில அதே சுருட்டை. இது என்ன கூத்து?"

வாசல்ல நின்ன போலீஸ்காரரு உள்ள எட்டிப் பாத்தாரு. "என்ன மேடம், கள்ள ஓட்டா?"

கள்ள ஓட்டுன்ன வார்த்தை வரிசைக்குள்ள பாஞ்சுருச்சு. "எவன்டா அவன்?"னு ஒருத்தரு. "நம்ம மாமாவையா சொல்றாக?"ன்னு ஒரு பொம்பள. ஓரத்துல மாமனாரு பாவமா உக்காந்து, இல்லாத முடியத் தடவிக்கிட்டு இருக்காரு.

வேற வழியில்ல. எந்திரிச்சேன்.

"மேடம்... அது என் முடி."

டீச்சரம்மா என் தலையப் பாத்தாக. ஜன்னல் வெளிச்சம் அதுல பட்டு எதிர்ச்சுவத்துல அடிக்குது.

"உங்க முடியா? எங்க?"

சொன்னேன். எனக்கு இருபத்திரண்டு வயசுல அப்படி ஒரு முடி இருந்துச்சு மேடம். பொண்ணு பாக்க அனுப்புன போட்டோவுல இருந்து அத அப்படியே வெட்டி, கம்ப்யூட்டர்ல தனியா சேத்து வச்சிருக்கேன். சொந்தக்காரவுக யாரு சொட்டைத் தலையோட வந்தாலும் எடுத்து ஒட்டி விட்டுருவேன். மாமாவுக்கு மட்டும் மரியாதைக்குக் கொஞ்சம் நரை போட்டேன்.

"எல்லாருக்கும் ஒட்டுவீங்களா?"

"இல்ல மேடம். சொந்தத்துக்கு மட்டும்தான்."

கருப்பசாமி டேபிளத் தட்டிச் சிரிச்சான் பாருங்க! அவன் ஆளுக ஒருத்தருக்கும் நான் முடி வைக்கல. அவுக எல்லாம் உள்ள தலையோட உள்ளபடி வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போறாக. சீப்புக்கு விழ வேண்டிய ஓட்டுத்தான் பூராவும் ஓரமா உக்காந்திருக்கு!

மூணு பேரையும் ஆதார எடுத்துட்டு வரச் சொல்லிட்டாக. பெருமாள் சித்தப்பா போறபோக்குல, "ஏலே, முடி கேட்டனா உங்கிட்ட?"ன்னுட்டுப் போனாரு. ஆனா நல்லவேளை, மூணு பேரும் திரும்பி வந்துட்டாக. டீச்சரம்மா ஆதாரப் பாத்து, "ம், இதுல நீங்க நீங்களாவே இருக்கீங்க"ன்னு விட்டுட்டாக.

அப்பாடான்னு சாஞ்சேன். அப்பத்தான் டீச்சரம்மா என் பக்கம் திரும்புனாக.

"நீங்க ஓட்டுப் போட்டாச்சா?"

"இன்னும் இல்ல மேடம்."

"கார்டு?"

நீட்டுனேன். நாலாவது தடவையா அதே முடி. இந்தத் தடவ அதோட சொந்தக்காரன்.

"இதுவும் செல்லாது. ஆதார் இருக்கா?"

சட்டைப்பையத் தடவுனேன். பர்ஸத் தடவுனேன். அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. முதநாள் கடையில ஆதார ஜெராக்ஸ் எடுத்தேன். ஒரிஜினல மெஷினு மூடிக்கு அடியிலயே விட்டுட்டு வந்துட்டேன். எத்தன பேர நான் இதுக்குத் திட்டியிருப்பேன்! "கண்ண எங்க வச்சிருக்கீக"ன்னு கேட்ட வாயி இது.

"போன்ல படமா இருக்கு மேடம்..."ன்னு நீட்டப் போனேன். பாதியிலயே கை தானா இறங்கிருச்சு.

கருப்பசாமி எந்திரிச்சான். என்ன இருந்தாலும் கூடப் படிச்சவன். "மேடம், இவன எனக்கு டவுசர் போட்ட காலத்துல இருந்தே தெரியும். இவன்தான் அவன். நான் ஆட்சேபணை பண்ணல, விடுங்க."

டீச்சரம்மா யோசிச்சாக. மனசு இளகுற மாதிரி இருந்துச்சு. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. கருப்பசாமிய நெனச்சுப் பெருமையா இருந்துச்சு.

அந்நேரம் பாத்து வரிசையில முன்னாடி வந்து நிக்குது மாரியம்மா. வேர்த்து விறுவிறுத்து, கையில ஒரிஜினல் கார்டோட.

"ஏம்மா, இவரு உங்க ஊருதான? தெரியுமா?"ன்னாக டீச்சரம்மா.

மாரியம்மா என்னையப் பாத்து நல்லா சிரிச்சுச்சு. "எனக்குத் தெரியும் மேடம். சட்டத்துக்குத் தெரியாதுல்ல!"

வரிசையே வெடிச்சுச் சிரிச்சுருச்சு. போலீஸ்காரரு திரும்பிக்கிட்டு சிரிச்சாரு. என் மாமனாரும் சிரிச்சாரு, அதத்தான் என்னால தாங்கிக்க முடியல.

"அந்தம்மா சொல்றது நியாயம்தான். போயி எடுத்துட்டு வாங்க"ன்னுட்டாக டீச்சரம்மா. மாரியம்மா ஓட்டப் போட்டுட்டு, மை வச்ச விரல என் மூக்குக்கு நேரா ஒருதடவ ஆட்டிட்டுப் போச்சு.

ஏஜெண்டு வேலைய பாலாகிட்ட குடுத்துட்டு டவுனுக்கு ஓடுனேன். பஸ்ஸு கிடைச்சுச்சு. ஷட்டரத் தூக்குனேன். மெஷினு மூடியத் திறந்தா, ஆதாரு கவுந்து படுத்திருக்கு. திருப்பிப் பாத்தேன். சொட்டைத் தலை, தூங்கி வழியிற கண்ணு, திருட்டு முழி. அச்சு அசலா நான்!

திரும்பி வாரதுக்கு பஸ்ஸு இல்ல. ஷேர் ஆட்டோவுல ஏறி உக்காந்தேன்.

"போலாம்ப்பா, ஓட்டுப் போடணும்!"

"இந்தா போயிரலாம்ணே. இன்னும் ரெண்டு டிக்கெட் வரட்டும்."

ஒருத்தர் வந்தாரு. இன்னொருத்தர் வரல. "வாரேன்"னு டீ குடிக்கப் போன டிரைவரு வர ஒரு மணி நேரமாச்சு. வந்ததும் வழியெல்லாம் நின்னு நின்னு ஆளு ஏத்துனாரு. ஒரு அக்கா ரெண்டு கோழியோட ஏறுனாக. ஒரு மூட்டைய என் மடியிலயே வச்சாக. நான் ஆதாரத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், கோழி கொத்திரக் கூடாதுல்ல.

பள்ளிக்கூடத்து வாசல்ல இறங்கி ஓடுனேன். கேட்டு சாத்தியிருக்கு. உள்ள பெட்டிக்குச் சீல் வச்சுக்கிட்டு இருக்காக.

கேட்டுக் கம்பி வழியா ஆதார நீட்டுனேன். போலீஸ்காரரு வாங்கிப் பாத்தாரு. "பிரமாதம். நீங்களேதான்"னு திருப்பிக் குடுத்துட்டாரு.

எண்ணிக்கை அன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா? சமம்! முத்துவுக்கும் எதிர்ல நின்னவருக்கும் சரிக்குச் சமமா ஓட்டு. திரும்ப எண்ணுனாக. அப்பவும் சமம். பேர எழுதி சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுத்தாக. எதிர்ல நின்னவரு பேரு வந்துருச்சு.

என் ஓட்டு ஒண்ணு விழுந்திருந்தா குலுக்கலே கிடையாது.

முத்து என் பக்கத்துல வந்து நின்னான். திட்டுவான்னு நெனச்சேன். திட்டல. "மச்சான், அடுத்த தடவ நீங்க அவுகளுக்கு ஏஜெண்டா உக்காந்துருங்க. நான் ஜெயிச்சுருவேன்"னான். அதுக்கு அவன் என்னைய ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம்.

வாரவழியில டீக்கடையில கருப்பசாமி. எனக்கும் சேத்து ஒரு டீ சொன்னான். "இப்ப என்னலே சொல்ற? ஓட்டுக்குப் போட்டோ வேணுமா, வேணாமா?"

"வேணும்தான்லே. ஆனா அத நான் எடுத்திருக்கக் கூடாது."

வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருக்கு. தட்டுனேன்.

"யாரது?" உள்ள இருந்து செல்வி.

"நாந்தாண்டி."

"எல்லாரும் நாந்தான்னுதான் சொல்லுவாக. கார்டு இருக்கா?"

இருக்கு. இப்பல்லாம் குளிக்கப் போனாக் கூட ஆதாரு கூடவே வருது. ஜன்னல் வழியா நீட்டுனேன்.

"ஒரிஜினலா?"

"ஒரிஜினல்தான் தாயே."

வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா. கார்டப் பாத்தா, என்னையப் பாத்தா, திரும்பக் கார்டப் பாத்தா. அந்த டீச்சரம்மா கூட இவ்வளவு நேரம் பாக்கல.

"ஆமா. சந்தேகமே இல்ல, அதே ஆளுதான்"னு சொல்லிட்டு, ஜன்னலையும் சாத்திட்டா.